கல்லுக்கு வெளியே

"ஜெயிலுக்கு மதில் கட்டுத மாதிரில்லா இருக்கு. நெசமாவே நாலு பக்கமும் கட்டணுமாக்கா?" என்று கேட்டார் கொத்தனார் சகாயராஜ். அவருக்குச் சாத்தான்குளம் பக்கம். பிழைப்புக்குத் திருப்பூர் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷமாகியும் பேச்சு மட்டும் இன்னும் ஊரிலேயே இருந்தது.

"நாலு பக்கமும்தானுங்க. கல்லுல இருந்து ஒரு அடி தள்ளிக் கட்டுங்க. அந்த ஒரு அடியும் எனக்குச் சேந்ததுதான், போனாப் போகுதுன்னு உடறேன்" என்றாள் தெய்வாத்தாள்.

"வீட்டுக்குச் சொந்தக்காரரு எந்த வழியா உள்ள போவாரு?"

"அதுக்கு ஒரு வழி வெச்சிருக்கறேனுங்க. நீங்க கட்டுங்க."

சகாயராஜ் நூல் பிடித்தார். ஹாலோ பிளாக் வண்டி வந்து இறங்கியது. கலவை போட ஒடிசாப் பையன்கள் இருவர் வந்தார்கள். ஒரு தலைமுறை பார்த்துப் பெருமூச்சு விட்ட கருங்கல் வீட்டைச் சுற்றி, சாம்பல் நிறத்தில் ஒரு மதில் வரிசை வரிசையாக எழும்பத் தொடங்கியது. தெய்வாத்தாள் மாட்டுக் கொட்டகையான கட்டுத்தறியில் உட்கார்ந்து, கம்பெனியிலிருந்து வந்த பனியன்களுக்குப் பிசிறு வெட்டியபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நிம்மதியாக அவள் பிசிறு வெட்டி வெகுகாலம் ஆகியிருந்தது.

நல்லூரைத் தாண்டி முதலிபாளையம் போகிற வழியில் கல்லூடு என்றால் பஸ் கண்டக்டருக்கும் தெரியும். அதைக் கட்டிய பாட்டன் கருமியா கெட்டிக்காரனா என்று உறவுக்குள் இன்னும் தீர்ப்பாகவில்லை. தோட்டத்தின் நடுவே ஆனைமுதுகு மாதிரி ஒரு பாறை இருந்தது. விளைகிற மண்ணில் வீட்டைக் கட்டி வீணாக்குவானேன் என்று, பாட்டன் அந்தப் பாறையின் தலையிலேயே கல் உடைத்து, உடைத்த கல்லையே சுவராக்கி, வீட்டை அங்கேயே நிறுத்திவிட்டான். சுவர் மேல் ஒரு ஆள் படுத்துப் புரளலாம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் கத்தி முனை நுழையாது. முன்னால் ஆசாரம் என்கிற முன்கூடம், அதற்கு உள்ளே வானம் பார்த்த தொட்டிக்கட்டு, அதைச் சுற்றி அறைகள். கூரை ஓடு தவிர எல்லாம் கல்.

அறைகளில் அந்தக் காலத்தில் பருத்தி அடைத்து வைப்பார்கள். பஞ்சுக்குப் பக்கத்தில் நெருப்பு ஆகாதே, அதனால் அடுப்பு வெளியே தனிச்சாளையில். கிணறு வெளியே. குளிக்கிற பொடக்காலி வெளியே. கட்டுத்தறி, வண்டிச்சாளை, களம் எல்லாம் வெளியே. உள்ளதைச் சொன்னால் கல்லூட்டுக்குள் இருந்தது கௌரவம் மட்டும்தான். சோறு, தண்ணீர், சாணி, மண் என்று மனுஷனுக்கு வேண்டியதெல்லாம் கல்லுக்கு வெளியே கிடந்தது.

பாட்டன் ஒரு வேலை செய்திருந்தான். தொட்டிக்கட்டில் பாறையைச் சமன் செய்தபோது, கால் வழுக்காமல் இருக்க உளியால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு வைத்தான். மேலோட்டமாகப் பார்ப்பவர்களுக்குப் பலகைக்கல் பாவிய தரை மாதிரி இருக்கும். அந்தக் கோடு நகக்கண் ஆழம்கூட இல்லை என்பது சீமாறும் ஈரத்துணியும் பிடித்துக் குனிந்தவர்களுக்கு மட்டும் தெரியும். அந்த வீட்டில் கடைசியாக அப்படிக் குனிந்தவள் தெய்வாத்தாள். சின்ன வயதில் அங்கே ஒரு துளசி நட வேண்டுமென்று கொத்தும் கையுமாகப் போய் நின்று, "பாறையில எங்க கண்ணு நடுவே" என்று அப்பனிடம் சிரிப்பு வாங்கியவளும் அவள்தான்.

புருஷன் முருகவேல் நெஞ்சுவலியில் போன பிறகு, பிள்ளையும் இல்லாமல், அவள் பிறந்த வீட்டுக்கு வந்தாள். படுக்கையில் கிடந்த அம்மாவுக்குப் பீ மூத்திரம் அள்ளினாள். அம்மாவுக்குப் பின்னால் அப்பனுக்கும் அள்ளினாள். அண்ணன் மகுடேஸ்வரன் அதற்குள் தோட்டத்து மண்ணையெல்லாம் சைட் போட்டு விற்று, டவுனில் பனியன் கம்பெனியும் பங்களாவும் கட்டிக்கொண்டு, நோம்பி பண்டிகைக்கு மட்டும் காரில் வந்து போனான்.

அப்பன் கருமாதியன்று அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அம்மா படுத்திருந்த ரூம் மட்டும் எனக்கு இருக்கட்டுமுங்ணா."

பந்தியில் உட்கார்ந்திருந்த ஒறம்பரை சொந்தபந்தம் அத்தனை பேர் காதிலும் விழும்படி அவன் சொன்னான். "கல்லுக்குள்ள உனக்கு ஒரு சாண் கெடையாது. கல்லுக்கு வெளிய என்ன கெடக்குதோ எல்லாத்தையும் எடுத்துக்க. வாசலோட நின்னுக்க."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு இலைக்கு இலை தாவிப் பந்தி முழுக்கப் போனது. ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் கடைசி இலை வரைக்கும் ஊற்றி முடித்தாள். சொன்னது அவன் என்றாலும், இத்தனை வருஷமும் அவள் தூக்கத்தைக் கெடுத்தது அந்தச் சிரிப்புத்தான்.

பொண்ணுக்கும் சட்டத்தில் பங்கு உண்டு என்று யாரோ அவன் காதில் போட்டிருக்க வேண்டும். கல்லூட்டில் அவளுக்கு உரிமை இல்லை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, சொன்ன வாக்குப்படி வெளியே இருந்ததையெல்லாம் அவள் பேருக்கே பதிந்து கொடுத்தான். இடிந்த சாளைகளும் மாட்டுக் கொட்டடியும்தானே என்ற இளக்காரம். தங்கச்சிக்குக் கல்லில் ஒரு விரற்கடை போய்விடக் கூடாது என்ற பயத்தில், அளந்தவரிடம் கல் விளிம்பிலேயே சங்கிலியைப் பிடிக்கச் சொன்னான். அவன் வீட்டுக் கூரையில் விழுகிற மழை அவள் மண்ணில்தான் சொட்டியது. இந்தப் பக்கத்தில் வாசல் என்றால் கதவு இல்லை, வீட்டுக்கு முன்னால் விரிந்து கிடக்கிற இடம் முழுவதும் வாசல். அது மொத்தமும் அவளுக்கு வந்தது.

கட்டுத்தறியில் ஒரு மூலையைத் தடுத்து அவள் குடியிருந்தாள். எருமை வளர்த்தாள், பிசிறு வெட்டினாள், விடியலில் வாசல் தெளித்தாள். வாயைத் திறந்தால் அவனுக்கு 'ங்க' போட்டு அண்ணா. மனசுக்குள் எட்டு வருஷமாக வெறும் அவன்.

இந்த நிலைமையில்தான் அவன் மகள் தரணிக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளையின் அப்பா சுப்பண்ணன், பல்லடத்தில் தறியும் கோழிப்பண்ணையுமாக இருப்பவர். கல்லூட்டுப் போட்டோவைப் பார்த்து மயங்கி, "முகூர்த்தக்காலை அங்கியே நட்டுருங்க, நாங்களும் வந்து பாக்கறோம்" என்று சொல்லிவிட்டார். மகுடேஸ்வரன் காரில் வந்து, கார் கண்ணாடியை மட்டும் இறக்கி, தங்கச்சியிடம் சேதி சொன்னான்.

"வாசல்ல கால் நடறோம். பெரிய பெரிய ஆளுக வர்றாங்க. நீ சாளைய உட்டு வெளிய தலை காட்டாத. நல்ல காரியத்துல எதிர்ல வந்து நின்னு வெக்காத."

நடறோம் என்றான். நடட்டுமா என்று கேட்கவில்லை. வாசல் யாருடையது என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. கார் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் தெய்வாத்தாள் ஒரு முடிவுக்கு வந்தாள். அவன் கேட்க வேண்டும். கருமாதிப் பந்தியில் சிரித்த வாய்களுக்கு முன்னால், வாய்விட்டுக் கேட்க வேண்டும். அது நடக்காமல் அந்த வாசலில் எந்தக் காலையும் நட விடக்கூடாது.

மறு வாரமே எருமைகளை விற்று ஹாலோ பிளாக் இறக்கினாள். ஒரே ஒரு கிழட்டு எருமையை மட்டும் விற்காமல் வைத்துக்கொண்டாள்.

மதில் முடிந்த பிறகுதான் சுண்ணாம்பு அடிக்க வந்தவர்கள் சொல்லி அவனுக்குத் தெரிந்தது. ஓடி வந்தான். கல்லூட்டைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேலே மதில். கதவு இல்லை, இடுக்கு இல்லை. மதிலின் இரண்டு முனையும் கட்டுத்தறியின் இரண்டு பக்கச் சுவரில் போய் முட்டி நின்றன. கட்டுத்தறிக்கு வாசல் பக்கம் ஒரு நுழைவு, வீட்டுப் பக்கம் ஒரு நுழைவு. மாட்டை வீட்டுக்குள்ளிருந்தே பார்க்கட்டும் என்று பாட்டன் நேர்க்கோட்டில் வைத்தது. இரண்டிலும் நிலைக்கல் தாழ்வு. எருமைக்குச் சரியாக இருக்கும், மனுஷன் குனிய வேண்டும்.

"என்ன பண்ணி வெச்சிருக்கறே?"

"காம்பவுண்டுங்ணா. உங்களுது தனி, என்றது தனி. வழி வேணுமில்லைங்களா, கட்டுத்தறி வழியா உட்டிருக்கறேன்."

"ஜேசிபி வெச்சு இடிச்சுப் போடுவேன்."

"இடிங்ணா. என்ற எடத்துல என்ற செவுரு. கல்யாணத்துக்கு முன்னாடி போலீஸ் ஸ்டேசன் போகோணுமுன்னா போலாம். எனக்கு வேற சோலி ஒண்ணுமில்லை."

அவன் முகம் கறுத்தது. கல்லூடு, வாசல், களம் எல்லாம் தன்னுது என்று சம்பந்தியிடம் அளந்து வைத்திருந்தான். இடத்தை மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள். போலீஸ் வந்தால் ஊரே கேட்கும். அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். ரோசம் தலைக்கேறியது.

"உன்ற வாசல் எனக்கு மயிருக்குச் சமானம். கால உள்ள தொட்டிக்கட்டுலயே நட்டுக்கறேன். ரண்டு கல்லப் பேத்தா மண்ணு."

தெய்வாத்தாள் எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். அப்புறம் மூடிக்கொண்டாள். எட்டு வருஷமாக எந்தச் சாமியிடமும் வேண்டாததைச் சாமி அவன் வாயாலேயே கொண்டுவந்து கொடுத்தது போலிருந்தது.

"நட்டுக்குங்ணா" என்றாள் பணிவாக.

அந்த நாளும் வந்தது. அலங்காரத்துக்கு ஆள் அனுப்பிக் கட்டுத்தறியை வெல்வெட்டுத் துணியால் மறைத்து, சாணித் தரையில் சிவப்புக் கம்பளம் விரித்து, நுழைவில் வாழைமரம் கட்டியிருந்தான் மகுடேஸ்வரன். வாழைமரத்தில் பாதியை எருமை தின்றுவிட்டது. தெய்வாத்தாள் வெள்ளைச்சேலையை விட்டு நாளாகியிருந்தது. அன்றைக்கு அதைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டு, நடைபாதையை ஒட்டி, எருமைக்குப் பக்கத்தில், பிசிறு வெட்ட உட்கார்ந்தாள்.

அவளைப் பார்த்ததும் அவன் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான். "இன்னைக்கு ஒரு நாளைக்கு எங்கியாவது போய்த் தொலையக் கூடாதா?"

"சாளைய உட்டு வெளிய வராதன்னு நீங்கதானுங்ணா சொன்னீங்க."

பட்டு வேட்டிகளும் பட்டுச்சேலைகளும் ஒவ்வொன்றாகக் குனிந்து நுழைந்தன. நிமிர்ந்ததும் எல்லோருடைய கண்ணிலும் முதலில் பட்டது வெள்ளைச்சேலையும் எருமையும்தான். சுப்பண்ணனுக்கு நிலைக்கல்லில் நெற்றி இடித்தது.

"இது எந்த வழிங்க சம்பந்தி?" என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்தக் காலத்து முறைங்க. மாட்டு மூஞ்சியில முழிச்சுட்டு உள்ள போறது." மகுடேஸ்வரன் கூசாமல் சொன்னான். சுப்பண்ணன் பக்தியோடு எருமையின் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டார். தெய்வாத்தாள் குனிந்து பிசிறு வெட்டினாள். சிரித்தால் கத்தரி துணியில் பட்டுவிடும்.

எல்லோரும் உள்ளே போன பிறகு அவள் திரும்பி உட்கார்ந்தாள். ஆசாரமும் அதற்குள் தொட்டிக்கட்டும் அங்கிருந்தே தெரிந்தன. சடங்கு நடத்திவைக்கிற பெரியவரான அருமைக்காரர் விளக்கு வைத்தார். மூன்று கவையுள்ள பால்மரக் கொம்பு மஞ்சள் பூசித் தயாராக இருந்தது. கம்பெனி ஆள் ஒருவன் கடப்பாரையை ஓங்கிப் போட்டான்.

ணங்கென்று சத்தம் வந்தது. தீப்பொறி பறந்தது. கோட்டில் போடு, இடுக்கில் போடு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவன் இடம் மாற்றி மாற்றிப் போட்டான். கல்லுக்கு வலிக்கவில்லை. கடப்பாரை முனைதான் மடங்கியது. யாரோ உட்கார்ந்து கோட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இது பலகக்கல்லே இல்லீங்க, ஒரே பாறை" என்றார்கள்.

மகுடேஸ்வரன் நின்ற இடத்திலேயே நின்றான். அந்த வீட்டில்தான் பிறந்தான், வளர்ந்தான், அதற்காகக் கூடப்பிறந்தவளைத் துரத்தினான். அந்தத் தரையை ஒருநாளும் கழுவியதில்லை.

"பக்கெட்டுல மண்ணு போட்டு நட்டுக்கலாமுங்க, மண்டபத்துல அப்படித்தான் பண்றாங்க" என்றார் ஒருவர்.

சுப்பண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. "கல்லூட்டுக்கு வந்து பக்கெட்டுலயா? அதுக்கு நாங்க பல்லடத்துலயே நட்டுருப்பமுங்களே. வெளிய அத்தாப் பெரிய வாசல் கெடக்குது, அங்க நட்டா என்னங்க?"

கடைசியில், கருமாதிப் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து சிரித்த ஒரு பங்காளி தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார். "வாசல் தெய்வாத்தா பேர்லீங்க."

"நல்ல நேரம் போயிட்டிருக்குதுங்க" என்றார் அருமைக்காரர்.

மகுடேஸ்வரன் ஆசாரத்தைத் தாண்டிக் கட்டுத்தறிக்கு வந்தான். கேட்பதற்கு முன்னாலேயே தலை குனிந்துதான் வந்தான். நிலைக்கல் அப்படி.

"அம்மிணி, வாசல்ல கால் நடோணும்" என்றான் மெதுவாக.

"நடோணுமுன்னு சொல்றீங்களா, நடட்டுமான்னு கேக்கறீங்களா?"

அவன் பல்லைக் கடித்தான். அவள் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"அங்க நிக்கற ஒறம்பரை காதுல உழுகற மாதிரி கேளுங்ணா. அப்பன் கருமாதிக்கு எத்தனை சத்தமாச் சொன்னீங்களோ அத்தனை சத்தம் போதும்."

ஆசாரத்துக்கு வந்து நின்ற கூட்டம் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

"தெய்வாத்தா, உன்ற வாசல்ல எனக்கு ஒரு சாண் எடம் குடு" என்றான் மகுடேஸ்வரன். எல்லோருக்கும் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.

அவளுக்கு அடிவயிறு வரைக்கும் இனித்தது. அத்தோடு விட்டிருந்தால் நல்லவள் என்று பேர் வாங்கியிருப்பாள். அவளுக்கு அந்தப் பேர் வேண்டியிருக்கவில்லை.

"குடுக்கறேனுங்ணா. எல்லாரும் வாசலுக்கு வரட்டும். நீங்க மட்டும் கல்லுக்குள்ளயே இருந்துக்குங்க. கால் நட்டு முடியற வரைக்கும் வெளிய தலை காட்டாதீங்க. அப்பன் எடத்துல நின்னு நான் நடறேன்."

கூட்டத்தில் பெண்கள் வாயில் கை வைத்தார்கள். தாலியறுத்தவள் கையால் முகூர்த்தக்காலா என்று யாரோ முணுமுணுத்தார்கள். தரணி பட்டுச்சேலை கசங்கக் குனிந்து கட்டுத்தறிக்குள் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அத்தை, எங்கப்பாவுக்கும் உங்களுக்கும் இருக்கறத என்ற கல்யாணத்துலதான் தீத்துக்கோணுமா?"

தெய்வாத்தாளுக்குச் சுருக்கென்றது. இந்தப் பிள்ளை நடை பழகியது அந்த ஆசாரத்தில், இவள் விரலைப் பிடித்துத்தான். நாளைக்குப் புருஷன் பொண்டாட்டிக்குள் ஒரு சின்னச் சண்டை வந்தால்கூட இந்தக் கையைத்தான் சொல்வார்கள். அதுவும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் எழவில்லை, இறங்கவும் இல்லை.

"ஆமா கண்ணு. உங்கப்பனுக்கு என்ற வாசல் வேணுமுன்னு இன்னைக்குத்தான் தோணுச்சு. எனக்கும் இன்னைக்கு உட்டா வேற நாள் இல்லை."

தரணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சுப்பண்ணன் மகுடேஸ்வரனைப் பார்த்தார். "வாசல், களமெல்லாம் உங்களுதுன்னு சொன்னீங்க சம்பந்தி." கோபமாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் உறைத்தது. பிறகு அருமைக்காரர் பக்கம் திரும்பினார். "அவங்க எடம், அவங்க சொல்றதுதானுங்க. கெளம்புங்க, நேரம் ஆகுது."

ஒவ்வொருவராகக் குனிந்து கட்டுத்தறியைக் கடந்து வாசலுக்குப் போனார்கள். கடைசியில் மகுடேஸ்வரன் மட்டும் மிஞ்சினான். முனை மடங்கிய கடப்பாரை அவன் கைக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. அதைத் தங்கச்சியிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள்.

"உள்ள போயி நில்லுங்ணா" என்றாள்.

அவன் போனான். அவள் வெளியே வந்தாள்.

வாசலில் வெயில் இளசாக இருந்தது. எட்டு வருஷம் தண்ணீர் தெளித்த மண், மடங்கிய முனைக்கே இளகிக் கொடுத்தது. அருமைக்காரர் ஒரு கணம் தயங்கிவிட்டு, நவதானியத்தையும் பாலையும் அவள் கையில் கொடுத்தார். ஊற்றினாள். கொம்பை நிறுத்தினாள். மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்து இறுக்கினாள். தரணி தள்ளி நின்று வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேளம் கொட்டியது. தெய்வாத்தாள் நிமிர்ந்து ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். மதிலுக்கு மேலே கல்லூட்டின் ஓடுகள் மட்டும் தெரிந்தன, ஆள் தெரியவில்லை. ஆனால் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும். நல்ல காரியத்தின் மேளச்சத்தம் தலை காட்டாதே என்று உள்ளே வைக்கப்பட்டவர்களுக்கு எப்படிக் கேட்கும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.